அஞ்சு நாள் மருந்து

மருந்துக்கடையில் நிற்பவளுக்கு மருந்துகளின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. சொன்னதையே முப்பது தடவை சொல்லவும், அது எங்கும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்த பிறகும் முப்பத்தோராவது தடவை சொல்லவும் தெம்பு வேண்டும். என்னைப் போல மேசைக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிப்போன சக ஜீவன்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கந்தர்வக்கோட்டையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எங்கள் கடை. கொரோனாவுக்குப் பிறகு தொண்டை ஸ்ப்ரேக்கு வந்த மவுசு இன்னும் குறையவில்லை. துளசி, அதிமதுரம், கொஞ்சம் துத்தநாகம், அவ்வளவுதான் சரக்கு. சளி பிடிக்கிற மாதிரி இருந்தால் சில நாள் அடித்துக்கொள்ளலாம், தொண்டைக்கு இதமாக இருக்கும். ஐந்து நாட்களுக்கு மேல் வேண்டாம் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. அந்த ஒரு வரியை ஜனங்களின் காதில் ஏற்றுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

எச்சில் படாமல்

நார்த்தாமலையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர், கண் சிவந்து, நீர் வடிய வந்தார். கண் சொட்டு மருந்து வேண்டுமாம். என்ன ஆச்சு என்றால், முதல்நாள் வாங்கிப்போன ஸ்ப்ரே கண்ணில் பட்டுவிட்டது. தொண்டைக்கு அடிக்கிற மருந்து கண்ணுக்கு எப்படிப் போகும்?

எப்படி அடித்தீர்கள், காட்டுங்கள் என்றேன். செம்புத் தண்ணீர் குடிப்பதைப் போல அண்ணாந்து, பாட்டிலை முகத்துக்கு ஒரு முழம் மேலே தூக்கிப் பிடித்துக் காட்டினார். குழாயை வாய்க்குள் விட்டுத்தான் அழுத்த வேண்டும், ஒருவருடையதை இன்னொருவர் தொடக் கூடாது என்று நானும் மூச்சுப் பிடித்துச் சொன்னேன். அவர் என்னை அருவருப்பாகப் பார்த்தார். "வாய்க்குள்ள விட்டா எச்சியாயிடாதா? வீட்டுல ஏழு பேருக்கும் அந்த ஒரு பாட்டில்தாம்மா!"

ஏற்றுமதி

சவுதியில் இருக்கும் கணவருக்காக ஒரு அம்மா பன்னிரண்டு பாட்டில் கேட்டார். ஊருக்கு வந்திருந்த சிநேகிதர் திரும்பப் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். கணவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறாராம். சும்மா தினமும் அடித்துக்கொண்டால் எதிர்ப்பு சக்தி ஏறும் என்று போனில் யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள்.

தினமும் அடிக்கிற மருந்து இல்லைங்க இது, அஞ்சு நாளைக்குத்தான் என்று அட்டையைத் திருப்பிக் காட்டினேன். அந்த அம்மா படித்தார். அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அவரு போயிருக்கறது ரெண்டு வருசத்துக்குங்க. நீங்க அஞ்சு நாளைக்குச் சொல்றீங்க."

இரண்டு நிமிஷம்

இதுவரைக்கும் சிரித்துவிடலாம். இனிச் சொல்லப்போவது செல்வராசு அண்ணன் கதை. தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பஸ் எங்கள் கடைக்கு எதிரே இரண்டு நிமிஷம் நிற்கும். "புதுக்கோட்டை, புதுக்கோட்டை, ஏறு ஏறு" என்று அவர் குரல் கொடுத்தால் எங்கள் கடைக்குள் மாத்திரை அட்டை அதிரும். அந்தக் குரலுக்காகத்தான் பஸ் முதலாளி அவரை வைத்திருந்தார்.

தைப்பொங்கல் கழிந்து ஒருநாள் குரல் கம்மிப்போய் வந்தார். ஸ்ப்ரே கொடுத்தேன், அஞ்சு நாள் என்றேன். பத்தாம் நாள் அடுத்த பாட்டில், மாசி மாதம் மூன்றாவது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, குரல் மட்டும் வரவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் தொண்டை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று ஆரம்பிப்பேன். பாதி சொல்வதற்குள் டிரைவர் ஹாரன் அடிப்பார். இவர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு ஓடுவார். ஒருநாள் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி, ஒரு நாள் லீவு போடுங்கண்ணே என்றேன். "நான் லீவு போட்டா வேற கண்டக்டரப் போட்ருவாங்க தங்கச்சி. கொரலு இல்லன்னு தெரிஞ்சா அப்பறம் எவன் கூப்புடுவான்?"

ஸ்டாக் இல்லை

இனி அவருக்கு ஸ்ப்ரே தருவதில்லை என்று முடிவெடுத்தேன். எங்கள் கடை முதலாளியிடமும் சொன்னேன். அவர் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. கேட்ட மருந்தைக் கொடுக்கத்தானே கடை என்றார்.

அடுத்த முறை செல்வராசு அண்ணன் வந்தபோது, ஸ்டாக் இல்லை என்று பொய் சொன்னேன். கூடவே ஒரு தாளில் "தொண்டை டாக்டரை உடனே பார்க்கவும்" என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அப்பாடா, காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அன்று ஒரு டீ கூட வாங்கிக் குடித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் அந்த இரண்டு நிமிஷத்தில் வேலை மெனக்கெட்டு இறங்கி வந்தார். குரல் காற்றாகத்தான் வந்தது, மேசைமேல் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "ஒங்க கடையில தீந்துபோச்சுன்னு அங்கிட்டு புதுக்கோட்டையில வாங்கிட்டேன் தங்கச்சி. கோச்சுக்காதீங்க, அடுத்த தடவ இங்கதான் வருவேன்."

அதன்பிறகு பொய் சொல்வதை விட்டுவிட்டேன். கேட்டார், கொடுத்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செல்வராசு அண்ணன் வீட்டிலிருந்து

சித்திரையில் அந்த பஸ்ஸில் வேறு ஒருவர் நின்று கூப்பிட்டார். நான் விசாரிக்கவில்லை. பயம்தான்.

வைகாசியில் ஒரு பெண் வந்து, தான் செல்வராசு மனைவி என்றார். தொண்டையில் புற்றுநோயாம், தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு கிடையாது. முன்னாலேயே வந்திருந்தால் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தே குணப்படுத்தியிருக்கலாம் என்று டாக்டர் கோபப்பட்டாராம். இரண்டு பிள்ளைகள், பெரியவள் பத்தாவது படிக்கிறாள். அப்பா என்ன சொல்கிறார் என்று அவள்தான் உதட்டைப் பார்த்துச் சொல்கிறாளாம்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "இத்தன நாளு அவரு வண்டிக்குப் போனதே ஒங்க மருந்தாலதாங்க. டாக்டரு கோவப்பட்டப்ப, அவருகிட்டயும் இதயேதான் சொன்னேன். எனக்கும் அலஞ்சு அலஞ்சு தொண்ட கட்டிக்கிச்சு, அதுல ஒண்ணு குடுங்க."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன். நன்றி வாங்கிக்கொண்டு போன அன்றுதான் சோறு இறங்கவில்லை.