உடுக்கைக்கு முன்னால் சொன்ன கதை

எழுத மூடு வரமாட்டேன் என்கிறது என்று யாராவது இளைஞர் என்னிடம் வந்து சொன்னால், எனக்கு முதலில் முதுகு எரியும். அதற்குப் பிறகுதான் பதில் யோசிப்பேன். ஏன் எரிகிறது என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. சம்பந்தப்பட்ட மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் இப்போது சொல்லலாம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் ஊர் கீரனூரிலிருந்து இரண்டு மைல். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். என்னையும் ஆத்தாவையும் வைத்துச் சோறு போட்டு, என்னைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பியவர் அப்பாவின் அண்ணன். பெரியப்பா அதிகம் பேசமாட்டார். கோபத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பெரியம்மாவும் நல்லவள்தான். அவர்களுக்கு இரண்டு பெண்கள், இரண்டு பேரையும் சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ஆண் வாரிசு என்று வீட்டில் நான் ஒருவன்தான்.

அந்த வாரிசு வேலை தேடாமல் கதை எழுதிக்கொண்டிருந்தது. இரண்டு சிறு கதைகள் அச்சில் வந்துவிட்டன. அதனால் தலைக்கனம் கொஞ்சம் ஏறியிருந்தது. மூன்றாவது கதை தானாக வந்து விழுந்தது. உச்சி வெயில். ஒரு பெண் வெறுங்குடத்தோடு வீட்டை விட்டு வெளியே வருகிறாள். குடத்தை வாசற்படியில் கவிழ்த்து வைக்கிறாள். திரும்பிப் பாராமல் நடக்கிறாள். இவ்வளவுதான் வந்தது. என்ன கற்பனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, அதற்குமேல் ஏதோ இட்டுக்கட்டி அனுப்பினேன். கதை திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டில், “இவள் ஏன் போகிறாள், எங்கே போகிறாள் என்பது உங்களுக்கே தெரியவில்லை போலிருக்கிறது” என்று எழுதியிருந்தார்கள்.

அந்தச் சீட்டு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அவள் எங்கே போகிறாள் என்று தெரியாமல் வேறு எதையும் எழுதவும் முடியவில்லை. புது நிப்பு வாங்கிப் போட்டேன். விடியலில் எழுந்து குளித்துவிட்டு உட்கார்ந்தேன். ஊதுவத்தி கொளுத்திப் பார்த்தேன். பட்டினி கிடந்தால் வரும் என்று எங்கோ கேள்விப்பட்டு அதையும் செய்தேன். பசிதான் வந்தது. கடைசியில், கதை நடக்கும் நேரத்தில் அந்த வெயிலிலேயே இருந்து பார்ப்போம் என்று கண்மாய்க்கரைப் புளியமரத்தடிக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே அவளைப் போல நடந்து பார்ப்பேன். இடுப்பில் இல்லாத குடத்தை இறக்கிக் கவிழ்ப்பேன். அவள் பேசுவதாக நினைத்துக்கொண்டு மெல்லிய குரலில் ஏதாவது சொல்லிப் பார்ப்பேன். ஒரு மாதம் இப்படிப் போனது.

உச்சி நேரம், புளியமரம், பெண் குரலில் பேசும் கல்யாணமாகாத பையன். ஊருக்கு வேறு என்ன வேண்டும்? ஆடு மேய்ப்பவர் யாரோ பார்த்துவிட்டு வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை பகலில் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது முற்றத்தில் பேயோட்டுகிற கோடாங்கி உட்கார்ந்திருந்தார். முன்னால் திருநீற்றுத் தட்டு, ஒரு கட்டு வேப்பிலை, மடியில் உடுக்கை. சுற்றிலும் தெருவே கூடியிருந்தது.

“இங்கிட்டு வந்து உக்காருப்பா,” என்றார் பெரியப்பா.

“எனக்கு ஒண்ணும் இல்ல பெரியப்பா. கதை எழுதத்தான் போறேன்.”

“அதத்தான் அதுவும் சொல்லும்,” என்றார் கோடாங்கி.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. படித்தவன் நான். ஆனாலும் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். அவர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

உடுக்கை ஆரம்பித்தது. கோடாங்கி வேப்பங்குழையால் என் முதுகில் அடித்துக்கொண்டே, “ஆணா பொண்ணா? எந்தத் தெச? என்ன கேட்டு வந்த? எறங்கிச் சொல்லு,” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியால் அடி விழுந்தபோது யோசித்தேன். ஏதாவது சொன்னால்தான் விடுவார். சொல்லிவிட்டு, ஒரு கோழியைக் கேட்டுவிட்டு, மலையேறிவிடுவது என்று முடிவு செய்தேன். எந்தப் பேயாக நடிப்பது? ஒரு மாதமாக நடித்துப் பழகியவள் இருக்கவே இருந்தாள்.

“பொண்ணு,” என்றேன் அவள் குரலில். “கொடத்தக் கவுத்து வச்சுட்டுப் போனவ.”

நான் சொன்னது நடிப்பு. அதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த வார்த்தையை நான் தேடவேண்டியிருக்கவில்லை. உடுக்கை முன்னால் போக, பேச்சு அதன் பின்னாலேயே வந்தது. “வாசப்படியில கவுத்து வச்சேன். வெயிலு காலச் சுட்டுச்சு. தண்ணிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். தண்ணிக்குப் போகல. முதுகு எரியுது. முதுகு எரியுதுன்னு ஒருத்தருகிட்டயும் சொல்லல. ஒருத்தரும் பின்னால வந்து கூப்பிடல.” முதுகு எரிந்தது வேப்பங்குச்சியால். ஆனால் எனக்குள் ஒரே ஆனந்தம். ஒரு மாதமாகப் பிடிகொடுக்காத கதை கொட்டிக்கொண்டிருந்தது. இதை மறக்காமல் போய் எழுதிவிட வேண்டுமே என்பதுதான் என் கவலை.

உடுக்கை நின்றது. கண்ணைத் திறந்தேன். கூட்டத்தில் இருந்த வயதானவர்கள் எல்லாரும் பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் எதிரில் வந்து மண்டியிட்டார்.

“நீ செத்துட்டியா?” என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோடாங்கி முந்திக்கொண்டு, “செத்ததாலதானய்யா வந்திருக்கா. அடையாளம் தெரிஞ்சவங்க சொல்லுங்க,” என்றார். மாட்டுக்கொட்டகைத் தூணருகில் நின்ற ஆத்தா முன்னால் வந்தாள். என்னை ஒரு தரம் உற்றுப் பார்த்தாள்.

“அக்கா கொரலேதான். செத்துத்தான் போயிருக்கு,” என்றாள்.

பெரியப்பா தரையில் விழுந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. பெரியப்பாவுக்கு மூத்த தாரம் ஒருத்தி இருந்திருக்கிறாள். பிள்ளை இல்லை. நான் மூன்று வயதுப் பிள்ளையாக இருந்தபோது, ஒரு நாள் உச்சி வேளையில் குடத்தைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனவள் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு கட்டிக்கொண்டு வந்தவள்தான் இப்போதைய பெரியம்மா. அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டதால், பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை. அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. பிறகு எப்படி என் கதைக்குள் வந்தாள்? அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நிஜமாகவே பேய் பிடித்திருக்கிறதோ என்று என்னை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாளே பெரியப்பா கருமாதிக்கு நாள் பார்த்துவிட்டார். “மகன் நீதான். நீதான் செய்யணும்,” என்றார். நடிப்பு என்று சொல்லிவிட நாலைந்து தடவை அவரிடம் போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் கண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கண்மாய்க்கரையில், அதே புளியமரத்தடியில், எனக்குத் தலையை மழித்தார்கள். இரண்டு வருடமாக அருமையாக வளர்த்த மீசையும் போனது. அவள் பெயரைச் சொல்லி மூன்று கை தண்ணீர் விட்டேன். மத்தியானம் பந்தியில் ஆத்தாதான் பரிமாறினாள். என் இலையில் மட்டும் இரண்டு வடை கூடுதலாக வைத்தாள்.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் காலையில் என்னால் தாங்க முடியவில்லை. கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஆத்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் நடித்தேன், அவள் செத்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, இன்றைக்கே பெரியப்பாவிடம் சொல்லப்போகிறேன் என்றேன்.

ஆத்தா துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். “வாய மூடிக்கிட்டு இரு,” என்றாள். “அது சாகல. ஆவூர்ல ஒரு வாத்தியார் வீட்டுல சமைக்குது.”

நான் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“ஒங்க பெரியப்பா அப்ப இருந்த ஆளே வேற. பிள்ள இல்லன்னு புளியம்விளாறால அடிப்பாரு. ரெண்டு தரம் தாய் வீட்டுக்கு ஓடுச்சு. ரெண்டு தரமும் மயித்தப் புடிச்சு இழுத்துட்டு வந்தாரு. மூணாவது தரம் நாந்தான் ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். தண்ணிக்குப் போற மாதிரி ஆளுக்கொரு கொடத்தோட கெளம்புனோம். வாசல்ல வந்ததும் அது கொடத்தக் கவுத்து வச்சிருச்சு. இனிமே இந்த வீட்டுக்குத் தண்ணி எடுக்க மாட்டேன்னுச்சு. நீ என் இடுப்புல இருந்த. முதுகு எரியுது முதுகு எரியுதுன்னு அது போற வழியெல்லாம் சொன்னது ஒன் காதுலயும் விழுந்திருக்கும்.”

நான் பெருமைப்பட்ட கற்பனை ஆத்தாவின் இடுப்பில் உட்கார்ந்து பார்த்ததுதான். நான் போட்ட பெண் குரல் யாருடையது என்பதும் இப்போது தெரிந்தது. கதை எங்கிருந்து வருகிறது என்பது இத்தனை பயங்கரமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பெரியப்பாவின் கைகளை நினைத்துப் பார்த்தேன். திருவிழாவில் எனக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்த கைகள். ஆத்தாவையும் பார்த்தேன். உயிரோடு இருக்கிறவளுக்குத் தன் மகன் மொட்டை போட்டுக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு நின்றவள்.

“அன்னைக்கு அது செத்துருச்சுன்னு ஏன் ஆத்தா சொன்ன?”

“உசுரோட இருக்குன்னு தெரிஞ்சா இவரு தேடுவாரு. செத்துருச்சுன்னு நெனச்சு அழட்டும். நான் கொண்டுபோய் விட்டது தெரிஞ்சா நமக்கும் இங்க இடமில்ல.” வாளியைத் தூக்கிக்கொண்டவள் திரும்பி, “அந்தக் கதைய எழுதாத. ஒங்க பெரியப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்,” என்றாள்.

சரி என்றேன். அழுகையாக வந்தது, யாருக்காக என்று தெரியவில்லை. கதை அப்போது என் மனத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தயாராக இருந்தது. அப்படி ஒரு வேகம் அதற்குப் பிறகு எனக்கு வாய்த்ததே இல்லை.

ஒரு மாதம் கழித்து, போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வா என்று ஆத்தாவே ஒரு பை உளுந்து கொடுத்து அனுப்பினாள். அரை நாள் நடந்து ஆவூர் போய்ச் சேர்ந்தேன். கோயில் கோபுரம் தெரிகிற தெருவில் வாத்தியார் வீட்டைக் கண்டுபிடித்துப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பெண்மணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பதுக்குள்தான் இருக்கும். நான் யாருடைய மகன் என்று சொன்னேன். முறத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தாள். என் தலையையும் மீசை முளைக்கத் தொடங்கியிருந்த உதட்டையும் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“யாருக்குய்யா மொட்ட? ஒங்க ஆத்தா நல்லா இருக்குல்ல?”

“ஆத்தா நல்லா இருக்கு. எல்லாரும் நல்லா இருக்காங்க. பழனிக்கு வேண்டுதல்,” என்றேன்.

அவளுக்கு மூச்சு வந்தது. “இந்த வயசுல ஒனக்கு என்ன வேண்டுதல்?”

“கதை எழுத வரணும்னு.”

சிரித்தாள். பல் ஒன்று இல்லை. “வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்ப, சாமி நல்ல சாமிதான்,” என்று சொல்லி, முள் முள்ளாக முடி வளர்ந்திருந்த என் தலையை இரண்டு கையாலும் தடவிக்கொடுத்தாள்.