மகள் கதை சொன்ன பேய்ப் படம்

போன வருஷம் மே மாசக் கடைசி. திண்டுக்கல்லில் ஒரு தியேட்டர், மதிய ஆட்டம். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த என் மகள் பரிசாகக் கேட்டது ஒரு வெளிநாட்டுப் பேய்ப் படம். பூ மார்க்கெட்டில் என் வியாபாரம் மதியத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு பேரும் கிளம்பிவிட்டோம்.

அடுத்த திங்கள்கிழமை அவளை வெளியூர் ஹாஸ்டல் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ப்பதாக இருந்தது. பெட்டி, போர்வை எல்லாம் வாங்கியாகிவிட்டது. உனக்குப் பிடித்திருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை, அவங்கப்பாவும் கேட்கவில்லை.

படம் எந்த நாட்டு மொழியோ தெரியாது. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. எனக்கு அது வாசிக்க வராது. "நான் சொல்றேன்மா, நீ படத்தைப் பாரு" என்று காதோரம் ஒட்டிக்கொண்டாள்.

ஒரு அம்மாவும் பதிமூன்று வயசுப் பெண்ணும் ஏரிக்கரையில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். சுவருக்குள் ஏதோ மூச்சு விடுகிறது. அது அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் கேட்கிறது. புதுப் பள்ளியிலும் அவளோடு யாரும் சேர்வதில்லை. ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று தன் முடியைத் தானே வெட்டிக்கொள்கிறாள். பாவமாக இருக்கிறதே என்று நினைக்கும்போதே அலமாரிக் கதவு படாரென்று திறந்தது. நான் போட்ட கூச்சலில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பாப்கார்ன் முழுக்க என் மடியில். மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்புட்டு சந்தோஷமாக நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

இடைவேளைக்குப் பிறகு, சாப்பாட்டு மேசையில் அம்மாவும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மகள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கும்மாங்குறா. இங்க இருந்தே நல்லாப் படிக்கிறேங்குறா. என்னைய அந்த ஹாஸ்டல்ல விட்டுறாதங்குறா..."

இந்தக் கதையில் ஹாஸ்டல் எங்கே வந்தது? திரையை உற்றுப் பார்த்தேன். கீழே எழுத்தே இல்லை. அந்தப் பெண் வாயை மூடித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை.

"அவ அம்மா என்ன சொல்றா?" என்றேன்.

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அனுப்ப மாட்டாளாம். அப்பாகிட்டயும் அவளே பேசிக்கிறாளாம்."

அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சுவரைப் பிளந்துகொண்டு பேய் வெளியே வந்திருக்கும் போல, தியேட்டரே அலறியது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்கவே இல்லை.

அவங்கப்பா இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் உள்ளூர்ப் பள்ளியில் அவரே விண்ணப்பம் வாங்கி வந்தார்.

பதினைந்து வருஷம் கூடவே இருந்தும், என் பிள்ளை என்னிடம் மனசைத் திறக்க ஊர் பேர் தெரியாத ஒரு பேய் வேண்டியிருந்ததே என்று எனக்கு இன்னமும் வெட்கம்தான். ஆனால் அந்தப் பேயை நினைத்தால் பயம் வருவதில்லை, கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.