ஏழாம் மாதத்துப் பிள்ளை

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எண்ணத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஊருக்கு வெளியே ஓடையோரமாக ஒரு குடிசை உண்டு. தீட்டு நாளில் பெண்கள் அதில்தான் போய் உட்கார வேண்டும். பிரசவமும் அதில்தான். எந்த வீட்டுக்காரி எந்த மாதம் அங்கே ஒதுங்கினாள், எந்த மாதம் ஒதுங்கவில்லை என்பதை மலைமேல் இருக்கும் எங்கள் குண்டூர் நாட்டு ஆண்பிள்ளைகள் தங்கள் மிளகுக் கொடியை எண்ணுவதைவிடச் சரியாக எண்ணி வைத்திருப்பார்கள். அவ்வளவு கெட்டிக்காரர்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான் கண்ணாயியின் வாழ்க்கை நாசமாய்ப் போனது.

இது வெள்ளைக்காரன் காலத்தில், நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. என் அம்மா பெருமாயி ஊருக்கு மருத்துவச்சி. பாதியை அவள் சொல்லக் கேட்டேன், மீதியைக் கண்ணாயியே சொன்னாள். என் அம்மாவை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கண்ணாயி பக்கத்து எடப்புளி நாட்டுப் பெண். எங்கள் ஊர் செல்லமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். நெடுநெடுவென்று உயரம். இரண்டு ஆள் சுமக்கும் விறகை ஒருத்தியாகச் சுமப்பாள். முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த வாரத்திலேயே போய்விட்டன. செல்லமுத்து கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், அவனிடம் அதுவும் கிடையாது. அண்ணன் கருப்பண்ணன் நில் என்றால் நிற்பான், உட்கார் என்றால் உட்காருவான்.

அந்த வருஷம் தை மாதக் கடைசியில் கண்ணாயி குடிசையில் ஒதுங்கியதை ஊர் பார்த்தது. மாசி பாதியில் செல்லமுத்து ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனான். மறுநாளே அவள் எடப்புளியில் இருந்த தன் அண்ணன் ராசப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். அது காட்டுக்குள் ஒற்றை வீடு, அக்கம்பக்கம் கிடையாது. மாசிக் கடைசியில் அவள் ஒதுங்கவில்லை, அதைப் பார்க்க அங்கே ஊர் இல்லை. புருஷன் கிளம்பும்போதே வயிற்றில் பிள்ளை இருந்தது. பங்குனி முழுக்க அவன் தோட்டத்தில் இருந்தான். சித்திரையில் திரும்பி வந்த பிறகுதான் அவளும் வந்தாள்.

புரட்டாசி முதல் வாரம், ராகிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது வலி வந்துவிட்டது. குடிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் பனிக்குடம் உடைந்தது. என் அம்மா போனபோது பிள்ளையின் தலை தெரிந்தது. ஆண் பிள்ளை. என் அம்மாவின் உள்ளங்கையில் முதுகும் தலையும் அடங்கிவிட்டன, கால்கள் மட்டும் மணிக்கட்டில் தொங்கின. தோல் அத்தனை மெல்லிசு, உள்ளே ஓடும் நரம்பு தெரிந்தது. அழவில்லை, முனகினான்.

உண்டான மாதத்தையும் சேர்த்து எண்ணுவது எங்கள் ஊர்க் கணக்கு, மாசியில் உண்டானவனுக்குப் புரட்டாசி எட்டாம் மாதம். எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை பிழைக்கும், அதற்கு ஊரே ஒத்தாசை செய்ய வேண்டும். எட்டாம் மாதத்தில் பிறந்தது மண் கேட்ட பிள்ளை. அதற்கு நெருப்பு மூட்டக் கூடாது, விறகு கொடுக்கக் கூடாது, பிடித்து நிறுத்தப் பார்த்தால் வெள்ளாமை கருகும் என்பார்கள். ஒரு மாதம் கூட வயிற்றில் இருந்த பிள்ளைக்குத்தான் இந்தத் தண்டனை! எவன் கண்டுபிடித்தானோ, அவன் வாயில் மண் விழ.

வெளியே மழையில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். என் அம்மா வழக்கப்படி கேட்டாள்.

"எத்தனை மாசம் கண்ணு?"

கண்ணாயி பிள்ளையைப் பார்த்தாள், வெளியே நின்றவர்களைப் பார்த்தாள். எட்டு என்றால் அந்த மழையில் ஒரு சுள்ளி கிடைக்காது. ஏழு என்றால் பங்குனியில் உண்டான பிள்ளை, பங்குனியில் புருஷன் ஊரில் இல்லை. இரண்டும் அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

"ஏழுங்க."

மாதாமாதம் அந்த வயிற்றைத் தடவிப் பார்த்தவள் என் அம்மா. அவளுக்குத் தெரியாதா? வாயைத் திறப்பதற்குள் கண்ணாயி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளையின் நெஞ்சின்மேல் வைத்தாள். "இவன் மேல ஆணைங்கக்கா. ஆருகிட்டயும் சொல்லீறாதீங்க" என்றாள். அந்த நெஞ்சு துடித்த வேகத்தில் என் அம்மா பயந்துபோனாள். வெளியே போய், "ஏழு மாசம், வெறகு கொண்டாங்க" என்று கத்தினாள்.

அதன் பிறகு கண்ணாயி செய்ததை வேறு யாராவது செய்திருந்தால் கும்பிட்டிருப்பார்கள். சாமை உமியை ஓட்டில் சூடு காட்டி, முறத்தில் பரப்பி, மேலே பழந்துணி போட்டுப் பிள்ளையைக் கிடத்தினாள். அதுவும் ஆறிவிடுகிறது என்று தெரிந்ததும் முறத்தைத் தள்ளிவிட்டு, வெறும் மார்போடு பிள்ளையை ஒட்ட வைத்து, சேலையால் சுற்றிக் கட்டிக்கொண்டாள். ஓடைக் கூழாங்கற்களை அடுப்பில் காய்ச்சித் துணியில் பொதிந்து இரண்டு பக்கமும் வைத்தாள். ஒரு கல் ஆறினால் இன்னொரு கல். படுத்தால் பிள்ளை நசுங்கிவிடும் என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். அதைத் தூக்கம் என்று சொல்லக் கூடாது.

பிள்ளைக்குச் சப்பத் தெரியவில்லை. பாலைக் கொட்டாங்கச்சியில் பீய்ச்சி, துணித்திரியில் நனைத்து, நாக்கில் ஒரு சொட்டு விடுவாள். அவன் விழுங்கியது தொண்டையில் தெரிந்த பிறகுதான் அடுத்த சொட்டு. அவசரப்பட்டால் புரையேறி நீலம் பாய்ந்துவிடும். ஒரு கொட்டாங்கச்சி முடிவதற்குள் கல் ஆறிவிடும். சில நேரம் மூச்சு விடவே மறந்துபோவான். உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினால் திடுக்கிட்டு மூச்சிழுப்பான். அந்த மறதிக்குப் பயந்து அவள் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கீழே சேந்தமங்கலத்துக்கு இறங்கினால் வைத்தியம் பார்க்கலாம்தான். கொட்டுகிற மழையில் அத்தனை தூரம் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்குவதும் ஒன்று, ஓடையில் போடுவதும் ஒன்று.

ஊர் முறை வைத்து விறகு கொடுத்தது. வீட்டுக்கு ஒரு கட்டு, காய்ந்த விறகு. குடிசைக்கு இருபதடி தள்ளி ஒரு பாறைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். கருப்பண்ணன் வீட்டிலிருந்தும் வந்தது. யாரும் மாதத்தை எண்ணிப் பார்க்கவில்லை. எப்படியும் போகப்போகிற பிள்ளை என்று எல்லோருக்கும் உள்ளூர ஒரு நினைப்பு. சாகப்போவதற்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்?

ஆனால் அவன் சாகவில்லை. முப்பதாம் நாள் கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது. மார்பில் வைத்தால் ஐந்தாறு தடவை இழுப்பான், களைத்துப்போய்த் தூங்கிவிடுவான். அந்த ஐந்தாறு இழுப்புக்குக் கண்ணாயி தனியாக உட்கார்ந்து சிரித்தாளாம். இனி பயமில்லை என்று நினைத்துவிட்டாள், பாவி.

அன்று தீட்டுக் கழித்து வீட்டுக்கு அழைக்க வேண்டிய நாள். பிள்ளைக்குப் பெரியப்பன் என்ற முறையில் கருப்பண்ணன் வந்து பார்த்தான். பிள்ளை கொட்டாவி விட்டது. அப்போதுதான் கருப்பண்ணன் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தான். பிழைத்துவிட்டது என்றால் ஏழு மாதம்தான். ஏழு என்றால் பங்குனி. பங்குனியில் தம்பி எங்கே இருந்தான்? தம்பியைக் கூலி வேலைக்கு அனுப்பி வைத்ததே இவன்தான். பிள்ளையின் ஒவ்வொரு மூச்சும் தாய்க்கு எதிராகச் சாட்சி சொன்னது. செத்திருந்தால் அவள் பத்தினி.

மறுநாள் காலையில் ஊர்க்கவுண்டர் முன்னால் கூட்டம் கூடியது. கண்ணாயி பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டே வந்து நின்றாள். கவுண்டர் நல்ல மனிதர் என்று என் அம்மா சொல்வாள். நல்ல மனிதர் நல்லபடியாகத்தான் கேட்டார்.

"இத பாரு அம்மிணி. எட்டுன்னா எட்டுன்னு சொல்லிப்புடு. உம் மேல ஒரு குத்தமும் இல்ல. மண்ணு கேட்டத மண்ணுக்கு உட்டுட்டு ஊட்டுக்குள்ள வந்துரு. நாளைக்கு வேற புள்ள பொறக்கும்."

"ஏழுங்க."

"அப்ப ஆருது?"

யாருடைய பெயரைச் சொல்வாள், இருந்தால்தானே? ராசப்பன் வந்திருந்தான். "எந்தங்கச்சி அப்படிப்பட்டவ இல்லீங்க" என்று அழுதான். கருப்பண்ணன் சிரித்தான். கவுண்டர் என் அம்மாவைப் பார்த்து, "நீ சொல்லு பெருமாயி, ஏழா எட்டா?" என்றார். என் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குக் கணக்குத் தெரியாதுங்க" என்றாள். கண்ணாயி ஆணை வாங்கிவிட்டாளே, எட்டு என்றால் பிள்ளைக்கு நெருப்பு போய்விடுமே என்று பிற்பாடு என்னிடம் ஆயிரம் சமாதானம் சொன்னாள். நியாயம்தான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

செல்லமுத்துவும் அங்கேதான் இருந்தான். அண்ணனுக்குப் பின்னால்.

தீர்ப்பு ஊர் வழக்கப்படி வந்தது. தப்புச் செய்தவள் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளை யாருக்குப் பிறந்திருந்தாலும் பரியப் பணம் கொடுத்துக் கட்டியவனுக்குத்தான் சொந்தம், ஆண் பிள்ளை வேறு, அதனால் அது இங்கேயே இருக்கட்டும். கருப்பண்ணன் பெண்டாட்டி மாதம்மாளுக்குக் கைப்பிள்ளை இருந்தது. பால் கொடுக்க அவள் இருக்கிறாள் என்றார்கள்.

இதை மட்டும் கண்ணாயி எதிர்பார்க்கவில்லை. தள்ளி வைத்தால் பிள்ளையோடு போய்விடலாம் என்று நம்பியிருந்தாள். காலில் விழுந்தாள். வாய்விட்டு அலறினாள். அப்போதுகூட எட்டு என்று சொல்லவில்லை. சொன்னால் அவனை உயிரோடு குடிசையில் ஆற விட்டுவிடுவார்கள். சேலை முடிச்சை அவிழ்க்க மூன்று பெண்கள் தேவைப்பட்டார்கள்.

பிள்ளை கைமாறியதும் அவள் அழுகை சட்டென்று நின்றது. மாதம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

"இழுக்கற மாதிரித்தான் இருக்கும், வயிறு நெறையாதுங்கக்கா. திரியிலதான் ஊத்தோணும். ஒவ்வொரு சொட்டா. கல்லு ஆறுனா ஒடனே மாத்தோணும். தூளியில போட்டுறாதீங்க, நெஞ்சோட வெச்சுக்கோங்க. மூச்சு நின்னுதுன்னா உள்ளங்கால்ல சுண்டுங்க..."

"எனக்கென்ன புள்ள வளக்கத் தெரியாதா? நாலு பெத்தவ நானு" என்றாள் மாதம்மாள்.

ராசப்பன் தங்கையைத் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனான்.

மாதம்மாள் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. தீட்டுக் கழிந்த பிள்ளை எல்லாப் பிள்ளையையும் போலத்தான் என்று நினைத்தாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். மார்பில் வைத்தாள், இழுத்தான், தூங்கினான். வயிறு நிறைந்துவிட்டது என்று தூளியில் போட்டுவிட்டுக் காட்டு வேலைக்குப் போனாள். கல் காய்ச்சவோ திரி திரிக்கவோ அவளுக்கு நேரமில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வந்து பார்த்தபோது தூளி அசையவில்லை.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து கால் கழுவும்போதே கருப்பண்ணன் மறுபடி விரலை மடக்கினான். தங்கவில்லை. அப்படியானால் எட்டு. எட்டு என்றால் மாசி. மாசி பாதிவரை தம்பி வீட்டில்தான் இருந்தான். ஊரே மூக்கின்மேல் விரல் வைத்தது. ஐயோ, உத்தமியை அல்லவா விரட்டிவிட்டோம்! கவுண்டர் தன் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு புதுச்சேலை எடுத்துக் கொடுத்து, செல்லமுத்துவை எடப்புளிக்கு அனுப்பினார். கூட என் அம்மாவும் போனாள்.

அங்கே கண்ணாயி வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கொட்டாங்கச்சியில் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். பால் வற்றிவிடக் கூடாது என்று பொழுதுக்கும் அதையே செய்துகொண்டிருந்தாளாம். மாதம்மாளால் முடியாது, இரண்டு மூன்று நாளில் கூப்பிட வருவார்கள் என்று அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தாள். புருஷனும் மருத்துவச்சியும் தடத்தில் வருவதைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கையில் கொட்டாங்கச்சி அப்படியே இருந்தது.

"பால் குடிக்க மாட்டேங்கறானுங்களா? எனக்குத் தெரியும். இருங்க, இப்பவே வாரேன்."

செல்லமுத்து சேலையை நீட்டினான்.

"உம் மேல குத்தமில்லீன்னு ஊரு சொல்லிப்புடுச்சு, கண்ணாயி. எட்டு மாசந்தான். சந்தேகமில்லாமத் தெரிஞ்சு போச்சு. வா, ஊட்டுக்குப் போலாம்."

அவள் சேலையைப் பார்த்தாள். என் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். என் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிள்ளை செத்த செய்தி கண்ணாயிக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

கண்ணாயி பாலைத் தரையில் ஊற்றினாள். பிறகு புருஷனைப் பார்த்து, சத்தமே இல்லாமல் கேட்டாள்.

"எட்டுன்னா மண்ணு எடுத்துக்கிச்சு. ஏழுன்னா நீங்க கொன்னீங்க. அப்படித்தானுங்களே?"

அண்ணன் நிற்கிறானா என்பதுபோல அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"ஏழுங்க. பொழைக்கிற புள்ள. போயிட்டு வாங்க."

அவள் போகவில்லை. அண்ணன் காட்டில் உழைத்து அங்கேயே கிழவியானாள். ஏழு என்று கடைசிவரை அவளே சொன்னதால் இரண்டு நாட்டிலும் அவளைக் கெட்டுப்போனவள் என்றே சொன்னார்கள், ஒரு கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை. என் அம்மா சாகக் கிடந்தபோது, இப்போதாவது ஊரைக் கூட்டி எட்டு மாதம்தான் என்ற உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டுவர என்னைத்தான் அனுப்பினாள். கண்ணாயி எனக்குக் களியும் கீரையும் போட்டாள். நான் கை கழுவும்வரை காத்திருந்து, "உங்கம்மா ஆணை போட்டிருக்கறா. அவன் மேல போட்ட ஆணை. மீற வேண்டாம்னு சொல்லு கண்ணு" என்றாள்.