நாலரை வோல்ட்

இது நடந்தது. நம்ப விரும்பாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆட்களின் பெயர்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. நேரங்களும் எண்களும் மாற்றப்படவில்லை. அவற்றை மாற்றினால் இதில் ஒன்றும் மிஞ்சாது.

வினோஜனுக்குக் கல்லடியில், வாவிப் பக்கமாக, ஒரு கராஜ். காரை மாற்றிக் கட்ட விரும்பும் பொடியன்கள் அவனிடம்தான் வருவார்கள். சின்னக் காருக்குப் பெரிய எஞ்சின் வைப்பான். வேகத்தைக் கூட்டிக் கொடுப்பான். ரதீஸின் சிவப்புக் காரும் அவன் கட்டியதுதான்.

அந்தக் கார் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 5:20க்கு, சைக்கிளில் வலையோடு வந்துகொண்டிருந்த சாமித்தம்பி என்ற மீனவரை அடித்துத் தூக்கி, மதிலில் வலப்பக்கமாக மோதி நின்றது. சாமித்தம்பி அந்த இடத்திலேயே முடிந்தார். ரதீஸின் வலது கால் நசுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் கதிரை போட்டு உட்கார்ந்தார். வந்தவர் எல்லோரிடமும் ரதீஸ் ஒன்றையேதான் சொன்னான்.

"எக்சிலேட்டர்ல இருந்து நான் காலை எடுத்துட்டன். கார்தான் நிக்கல்ல."

யாரும் நம்பவில்லை. இருபத்து மூன்று வயது, சிவப்புக் கார், சத்தம். ஊருக்கு அவ்வளவு போதும். நம்பியவன் வினோஜன் ஒருவன்தான். அவனுக்குக் காரணம் தெரியும்.

த்ரொட்டில் சென்சர் என்பது தீப்பெட்டி அளவான சாமான். எக்சிலேட்டரைக் கால் எவ்வளவு மிதிக்கிறது என்று எஞ்சினுக்குச் சொல்வது. காலை எடுத்தால் அரை வோல்ட். முழுக்க மிதித்தால் நாலரை. இரண்டு மாதத்துக்கு முன் ரதீஸின் காரில் அது பழுதாகிவிட்டது. உரிய சென்சர் கிடைக்கவில்லை. வினோஜன் வேறொரு காரின் சென்சரை எடுத்து, அதன் திருகாணித் துளைகளை அரத்தால் பெருப்பித்து, பூட்டிவிட்டான். மிதித்துப் பார்த்தபோது பத்துக்கு ஒரு தடவை அது, எஞ்சினுக்குக் காற்று விடும் த்ரொட்டிலை இறுக்கிப் பிடித்தது. காலை எடுத்தாலும் எண் நாலரையில் நின்றது. ஒயில் விட்டான். இன்னும் பத்துத் தடவை பார்த்தான். இந்தத் தடவை எண் நாலரையில் நிற்கவில்லை. "கொண்டு போ, ஒண்டும் வராது" என்று சொல்லிக் கார்த் திறப்பைக் கொடுத்தான்.

இப்போது பொலிஸ் முற்றத்தில் இடமில்லை என்று நொறுங்கிய காரை அவன் கராஜுக்கே இழுத்து வந்து, படங்கு விரிப்பால் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். திங்கள் காலை ஒன்பது மணிக்கு மோட்டார் வாகனப் பரிசோதகர் வருவார். பொனெட்டைத் திறந்ததும் அரம் போட்ட துளை தெரியும். பிறகு அந்தப் பொலிஸ்காரரின் கதிரை வினோஜனைத் தேடி வரும்.

வெள்ளிக்கிழமை 11:35க்கு ஏறாவூரிலிருந்து நௌஷாட் மோட்டார் சைக்கிளில் வந்தான். உதிரிப்பாகக் கடைக்காரன். உரிய சென்சரைப் பெட்டியோடு நீட்டினான். படங்கைப் பார்த்தான்.

"இந்தக் காருக்குத்தானே?"

"இல்ல. கொக்கட்டிச்சோலையில ஒரு ஆளுக்கு."

"அந்த வயல் ஊர்ல இப்ப ட்ரக்டருக்கும் இது போடுறாங்களா?"

வினோஜன் சிரிக்கவில்லை.

"சரி மச்சான். நான் ஒண்டும் காணல்ல" என்றான் நௌஷாட். பிறகு உள்ளே பார்த்து, "ஸியாம் காக்கா, ஏறுங்க. ஜும்ஆத் தொழுகைக்குக் காத்தான்குடிக்குப் போவம்" என்றான்.

ஸியாம் கராஜில் வேலை செய்பவர். வயது ஐம்பதுக்கு மேல்; எல்லோருக்கும் காக்கா, மூத்த அண்ணன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, நான் வாற வரைக்கும் அந்தக் காரைத் தொடாத. ரெத்தம் இன்னும் கழுவல்ல."

"போய்த் தொழுதுட்டு வாங்க காக்கா. எனக்கும் சேத்துத் தொழுங்க."

"உனக்கு ஒரு ஜும்ஆ போதாது" என்றார் ஸியாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இருவரும் போனபோது 11:50.

12:10க்கு வினோஜன் படங்கை நீக்கினான். ஈக்கள் எழுந்தன. சாரதி பக்கக் கதவு இல்லை. அந்தப் பக்கம் அவன் பார்க்கவில்லை. இடப்பக்க ஜன்னலால் கையை விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, திறப்பைப் போட்டுத் திருப்பினான். பற்றரி வேலை செய்தது. பொனெட்டைத் தூக்கி நிறுத்தினான். இரண்டு திருகாணி. பழைய சென்சர் கழன்று வந்தது. பின்வேலிக்குப் போய் வாவிக்குள் எறிந்தான். டுபுக் என்றது. அவ்வளவுதான்.

12:38க்குப் புதிய சென்சரைப் பூட்டி முடித்தான். சென்சரின் எண்ணைக் காட்டும் ஸ்கேனரைக் கொழுவினான். த்ரொட்டிலைக் கையால் திருப்பினான். 0.5 இலிருந்து 4.5. திரும்பவும் 0.5. தடங்கல் இல்லை.

காலால் மிதித்தும் பார்ப்பது வழக்கம். அது இரண்டு பேர் வேலை. ஒருவர் சீற்றில் இருந்து மிதிப்பார். மற்றவர் முன்னால் நின்று எண்ணைப் பார்ப்பார். தூக்கிய பொனெட் நடுவில் மறைத்து நிற்கும். முன்னால் நிற்பவருக்குச் சீற்றில் இருப்பவர் தெரியாது.

12:46. சீற் கிறீச்சிட்டது. கார் வலப்பக்கம் சற்றுத் தாழ்ந்தது.

"காக்கா?"

வினோஜன் ஸ்கேனரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க. மிதிங்க."

எக்சிலேட்டர் கேபிள் இழுபட்டது. எண் ஏறியது. 0.5… 1.3… 2.8… 4.5.

"விடுங்க."

0.5.

"மிதிங்க."

4.5.

"விடுங்க."

0.5.

நன்றாக இருந்தது. சுத்தமாக ஏறிச் சுத்தமாக இறங்கியது. வினோஜனுக்கு மூச்சு வந்தது. பிறகுதான் ஒன்று உறைத்தது. மிதிக்கும்போது ஸியாம் ஒவ்வொரு தடவையும் 'ஓம்' என்று பதில் கொடுப்பார். இன்றைக்குச் சொல்லவில்லை. அவருடைய கால் பாரமான கால். எண் ஒரேயடியாய்ப் பாயும். இது மெதுவாக ஏறியது. நடுங்கி நடுங்கி.

"தொழுகை அதுக்குள்ள முடிஞ்சிட்டா காக்கா?"

ஈக்களின் இரைச்சல் நின்றிருந்தது.

மணியைப் பார்த்தான். 12:49. ஒரு மணிக்கு முன் ஜும்ஆ முடியாது.

எண் ஏறத் தொடங்கியது. அவன் சொல்லவில்லை.

1.9…

3.6…

4.5.

"விடு."

கேபிள் தளர்ந்தது. கண்ணால் கண்டான். கால் எடுத்தாயிற்று.

எண் இறங்கவில்லை.

டக்.

பிரேக் மிதிபடும் சத்தம்.

டக். டக். டக்…

பிறகு மூச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கும் மூச்சு.

சென்சரின் வயரைப் பிடுங்கினான்.

4.5.

பொனெட்டை அறைந்து மூடினான்.

சீற்றில் யாரும் இல்லை.

12:52.

ஈக்கள் திரும்பவும் இரைந்தன.

அவன் ஓடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். வயரைத் திரும்பக் கொழுவினான். ஸ்கேனர் காட்டிய பிழைக் குறிப்புகளை அழித்தான். கை வைத்த இடமெல்லாம் துடைத்தான். படங்கை இழுத்து மூடினான். 1:25க்கு ஸியாம் வந்தபோது குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, முகம் வெளிறிக் கிடக்கு?"

"வெயில் காக்கா."

மாலை நாலு மணிக்குச் செய்தி வந்தது. ரதீஸ் இறந்துவிட்டான். பகல் ஒரு மணிக்கு. கேட்டதும் வினோஜனுக்கு வந்தது பயமில்லை. கார்தான் நிற்கவில்லை என்று சொல்ல இனி ஆளில்லை. அன்றிரவு வயிறு நிறையச் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை சொன்ன நேரத்துக்குப் பரிசோதகர் அழகரத்தினம் வந்தார். அமைதியான மனிதர். த்ரொட்டிலைக் கையால் திருப்பினார். எண்ணைப் பார்த்தார். திருகாணிகளை விரலால் தடவினார்.

"எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு" என்றார்.

"ஓம் சேர். மிதிச்சாலும் நல்லா ஏறி இறங்குது."

தேவையில்லாத வார்த்தை. கராஜ்காரன் வாயில் தானாக வருவது. அழகரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். டோர்ச்சை எடுத்துக்கொண்டு சாரதி பக்கம் போனார். குனிந்து கீழே வெளிச்சம் அடித்தார்.

"எதை மிதிச்சீங்க?"

வினோஜன் முதல் முறையாக அங்கே பார்த்தான். தரையில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. எக்சிலேட்டர் இல்லை. பிரேக்கும் இல்லை. வெட்டிய இரும்புத் தண்டு இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன. கேபிளின் நுனி காற்றில் தொங்கியது.

"பொடியன்ட கால் சிக்கினதால ரெண்டு பெடலையும் வெட்டித்தான் ஆளை எடுத்திருக்கிறாங்க" என்றார் அழகரத்தினம். "கராஜ்காரன் எண்டால் வாய்க்கு வந்ததைச் சொல்றதுதானே."

சிரித்துவிட்டு எழுதினார். வாகனத்தில் பழுது இல்லை. சாரதியின் பிழை.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் ரதீஸின் அக்கா மேனுகா கராஜுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றாள்.

"வினோஜன் அண்ணன், தம்பி செத்த அண்டைக்கு நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா?"

"இல்ல. ஏன் புள்ள?"

"உங்களோட கதைச்சவன். கண்ணைத் திறக்கல்ல. 'மிதிக்கிறன் அண்ணன்' எண்டான். 'விட்டுட்டன் அண்ணன்' எண்டான். திரும்பவும் அப்படியே. எடுத்த கால்… கட்டுப் போட்டிருந்த துண்டு… அது கீழ அமந்து அமந்து எழும்பினது. பிடிச்சுப் பாத்தம். பிடிக்க ஏலாது. நேர்ஸ் மணியைப் பாத்து எழுதினவ. 12:46 எண்டு."

பின்னால் ஸியாமின் சுத்தியல் சத்தம் நின்றது.

"அதுக்குப் பிறகு கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு கத்தினான். 'நான் விட்டுட்டன், அது நிக்குதில்ல, வினோஜன் அண்ணனுக்குத் தெரியும், கேட்டுப் பாருங்க' எண்டான். அதோட மூச்சு இழுக்கத் தொடங்கிற்று."

அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

"அதைத்தான் கேக்க வந்தன். உங்களுக்கு என்ன தெரியும் அண்ணன்?"

வினோஜன் கையைத் துணியில் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"எனக்கு ஒண்டும் தெரியாது. சாகிற நேரம் மனிசன் என்னத்தையும் சொல்லும். கார்ல பிழை இல்ல. பரிசோதகர் எழுதியே குடுத்திட்டார்."

"அவன் காலை எடுக்கல்லயா?"

"எடுக்கல்ல."

மேனுகா தலையாட்டினாள்.

"அப்ப சரி. சாமித்தம்பி ஐயாட பெஞ்சாதி எங்கட முகத்துல முழிக்கிறல்ல. இண்டைக்குப் போய் அவட கால்ல விழப்போறன். தம்பி செஞ்சது பிழைதான், மன்னிச்சிருங்க எண்டு. உங்களை ஒரு சொல்லுக் கேட்டுட்டுப் போவம் எண்டு இருந்தன்."

"ஓம்" என்றான் வினோஜன். "போய்க் கேளுங்க."