இன்னொருமுறை தீட்டியிருக்கலாம்

கனடாவில், பிக்கரிங்கில் புது வீடுகள் கட்டுமுன் நிலத்தைத் தோண்டிப் பார்ப்பார்கள். ஆதிகாலத்து வேட்டைக்காரர் விட்டுப்போன எலும்பும் மான்கொம்பும் அகப்பட்டால் கழுவித் துடைக்க ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள்தான் மன்னார் கஸ்பர். பேக்கரியிலும் தொழிற்சாலையிலும் மாடாய் உழைத்து முதுகு போன பிறகு கிடைத்த வேலை. ஒரு பேசின் தண்ணீர், பல் துலக்கும் பிரஷ், வாய் பேசாத எலும்புகள். படித்தவர்களுக்கு அது பொக்கிஷம், கஸ்பருக்கு ஊத்தை. ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது ஆனியில் அவருக்கு எதுவுமே பிடிக்கவில்லை. இலங்கையில் சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொல்லிக் கிழமைகள் போய்விட்டன. தம்பி அகஸ்ரின் கடைசியாகச் சண்டைக்கு நடுவே மாத்தளனிலிருந்து பேசினான். “அண்ணை, பிறகு எடுக்கிறன்” என்றான். எடுக்கவேயில்லை. அகதி முகாமில் இருந்த சொந்தக்காரர், ஊர்ப் பங்குச் சாமி என்று கஸ்பர் கேட்காத ஆளில்லை. அங்கே பகலாகும்போது இங்கே இரவு. போனும் கையுமாக இருந்ததில் கண்ணோடு கண் மூடவில்லை.

“இஞ்சாருங்கோ, தம்பிக்கு ஒரு பூசை குடுப்பம்,” என்றார் மனைவி யூஜினி.

“குடுப்பமே. எதுக்கெண்டு குடுக்கிறது?”

அங்கேதான் சிக்கல். கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்குக் கொடுக்கும் பெயர்களை இரண்டு விதமாக வாசிப்பார்கள். உயிரோடிருப்பவர்களின் சுகத்துக்காக, இல்லையென்றால் இறந்தவர்களின் ஆத்துமா இளைப்பாற்றிக்காக. நடுவில் மூன்றாவது கிடையாது.

“ஆத்துமாவுக்குக் குடுப்பம். நீங்களும் இனிக் கொஞ்சம் ஆறலாம்.”

“உம்மடை தம்பியெண்டால் குடுப்பீரோ?”

சுடச்சுடக் கேட்டுவிட்டார். யூஜினி அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வேலையில் அவருக்கு எதிரே இருந்து ஆராய்பவர் ஹெலன். கஸ்பர் கழுவிக் கொடுக்கும் எலும்பு ஈட்டி முனைகளைப் பார்த்து, உடைந்தது எப்படி, திருத்தியது எப்படி என்று சொல்வார். முனை முறிந்தால் வேட்டைக்காரன் கல்லில் உரசித் தீட்டுவான். மறுபடி முறிந்தால் மறுபடி தீட்டுவான். கட்டையாகித் தடியில் கட்ட இடமில்லாமல் போனால், கழற்றி அடுப்படியில் எறிந்துவிட்டுப் புதிதைக் கட்டுவான்.

அன்று கஸ்பரின் கையில் இருந்த முனை அவ்வளவு கட்டையில்லை. இதில் இன்னும் மிச்சம் இருக்கிறதே, ஏன் எறிந்தான் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். ஹெலன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மைதான், இன்னொருமுறை தீட்டியிருக்கலாம், ஏன் எறிந்தான் என்பது எலும்பில் தெரியாது என்றார். “அலுத்துப் போயிருப்பான்,” என்று தோளைக் குலுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

 அலுத்துப் போவது என்றால் என்னவென்று கஸ்பருக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. அந்த முனையைக் கீழே வைக்க மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தார்.

சனிக்கிழமை பகல், சுகத்துக்குத்தான் கொடுப்பேன் என்று யூஜினியிடம் அடித்துச் சொல்லிக்கொண்டே கோயிலுக்குக் கார் ஓட்டினார். கோயில் அலுவலகத்தில் பூசைப் பெயர்கள் எழுதும் அருள்நாயகி அன்ரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“பேரைச் சொல்லும், தம்பி.”

“அகஸ்ரின்.”

“சுகத்துக்கோ, ஆத்துமாவுக்கோ?”

சுகத்துக்கு என்றால் இன்றிரவும் போன் எடுக்க வேண்டும். நாளைக்கும் எடுக்க வேண்டும். தெரியாது, தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லக் கேட்க வேண்டும். 

“ஆத்துமாவுக்கு,” என்றார்.

யூஜினி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அன்ரி எழுதி முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கஸ்பர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தார். பின்னேரம் கண் விழித்தபோது தலைப்பாரம் இல்லை, உடம்பு லேசாக இருந்தது. யூஜினி தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்றார்.

“நல்ல நித்திரை, என்ன? குறட்டையும் விட்டனீங்கள்.”

கஸ்பர் கோப்பையை வாங்கவில்லை.

“தம்பி செத்திட்டானெண்டு சொல்லிப்போட்டு வந்து நித்திரை கொண்டிருக்கிறன், யூஜினி,” என்றார்.