தம்பியின் இளமை ஊசியும் கன்னியாவின் ஏழு கிணறுகளும்

போன மாதம் நடந்த பழைய மாணவியர் கூட்டத்துக்கு நான் வரவில்லை. அங்கே, நான் திருகோணமலைக்குப் போய் இளமை ஊசி போட்டுக்கொண்டு வந்தேன் என்று பேசப்பட்டதாம். என் தலைமயிர் வேரில் கறுத்து வருவதைத் தன் கண்ணால் பார்த்ததாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் பார்த்தது நிழலாக இருக்கவேண்டும். எனக்கு அறுபத்தெட்டு வயது. மயிர் முழுவதும் வெள்ளை. ஊசி எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டவன் என் தம்பி நவம். அதை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் நான் திரும்பினேன்.

சித்திரை விடுமுறைக்கு உங்களில் சிலர் திருகோணமலைக்குப் போக எண்ணியிருப்பதாகச் செயலாளர் சொன்னார். நம் சங்க மடலில் எனக்கு இடமும் தந்தார். ஆகவே வழி, நேரம், செலவு எல்லாவற்றையும் குறித்து வைத்தபடி எழுதுகிறேன். என் குடும்ப விஷயமும் இதில் வரும். அதற்குக் காரணம் இருக்கிறது.

ஓகஸ்ட் மாதம் இரண்டாம் கிழமை தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. "உடனே வாருங்கள், இரண்டு மாதம் நிற்கிற மாதிரி வாருங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தான். எழுத்து கோணலாக இருந்தது. வருத்தமாக்கும், நோயில் விழுந்துவிட்டான் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நேர் பஸ் எடுத்தேன். கட்டணம் ஏழு ரூபா இருபது சதம். வவுனியாவில் இருபத்தைந்து நிமிடம் நிற்பார்கள். அங்கே தேத்தண்ணி குடிக்கலாம், ஆனால் கோப்பையை நீங்களே ஒருமுறை கழுவிக்கொள்ளுங்கள். ஹொரவப்பொத்தானைக்குப் பிறகு பாதை குலுக்கும், முன்பக்க இருக்கை நல்லது. பகல் ஒன்று இருபதுக்குத் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கினேன்.

தம்பி கப்பல்களுக்கு மரக்கறி, இறைச்சி, தண்ணீர் கொடுக்கும் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவன். கலியாணம் செய்யவில்லை. துறைமுகப் பக்கம் அவனை அறியாதவர் இல்லை. வாடகைக் கார்க்காரரிடம் பெயரைச் சொன்னதும் பெட்டியை வாங்கி ஏற்றிவிட்டார். கிண்ணியாக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், பெயர் ஹனிபா. ஒன்றேகால் மைலுக்கு ஒன்றரை ரூபா கேட்டார். அது நியாயம்.

"ஐயாட அக்காவோ அம்மா?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப நீங்கள்தான் சொல்லவேணும். ஐயா வரவர வயசு குறைஞ்சு போறார். காலமை ஒல்லாந்தர் விரிகுடாக் கரையில ஓடுறார், மரத்தில தொங்குறார். இப்பிடியே போனால் இன்னும் ரெண்டு வரியத்தில நான்தான் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திக்கொண்டு போகவேணும்."

சிரிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன்.

தம்பி அரைக்காற்சட்டையுடன் வாசல் படலையில் நின்றான். மெலிந்திருந்தான். "அக்கா, என்னைப் பார்த்தால் என்ன வயசு சொல்லுவியள்?" என்பதுதான் முதல் வார்த்தை.

"அறுபத்து மூண்டு. உன்னை இடுப்பில வைச்சுத் தூக்கினவளிட்டைக் கேக்கிற கேள்வியே இது?"

விறாந்தையில் இருந்தபோது அவன் கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்து இருந்ததைக் கவனித்தேன். கேட்டபோது, ஊசி போட்ட இடம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்றான். விஷயம் இதுதான்: ஐரோப்பாவில் பணக்காரர்கள், பிறவாத ஆட்டுக்குட்டியின் உயிரணுக்களை ஊசியில் ஏற்றி இளமையைத் திருப்பிக்கொள்கிறார்களாம். தேயிலை ஏற்ற வருகிற கப்பலொன்றின் அதிகாரி அந்த மருந்தைக் கப்பலின் குளிர் அறையில் வைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறார். ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரியாக மருந்து கொடுத்து ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்து போட்டுவிடுகிறார். இரண்டு கிழமைக்கு ஒன்று. ஆறு ஊசி முடிந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பிறகு இரண்டு நாள் காய்ச்சல். வீட்டில் இரண்டு குளிர்சாதனப் பெட்டிகள். ஒன்றில் சாப்பாடு, மற்றதில் மருந்து மட்டும்.

இதோடு உப்பில்லை, சோறில்லை, காலையில் பச்சை வெள்ளைப்பூண்டு ஆறு பல்லு. எனக்கும் உப்பில்லாத பிட்டு வந்தது. நான் எழுந்து குசினிக்குப் போய் உப்புப் போட்டுக்கொண்டு வந்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் முழுவதும் நான் ஊசியை விடச் சொல்லிக் கதைத்தேன். அவன் அளந்த அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். நாடித்துடிப்பு, ஒற்றைக்காலில் நிற்கிற நேரம், புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டால் அது படிய எடுக்கிற நேரம். "எழுதி வைச்சிருக்கிறன் அக்கா. வாய்க்கதை இல்லை."

மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்கு ஹனிபாவின் காரில் கன்னியாவுக்குப் போனோம். நகரிலிருந்து ஐந்து மைலுக்குச் சற்றுக் கூட. காத்துநிற்பதும் சேர்த்துப் போய்வர ஒன்பது ரூபா. வெந்நீர்க் கிணறுகள் ஏழு, ஒன்றுக்கொன்று பக்கத்தில், ஆழம் குறைந்தவை. குனிந்து வாளியால் அள்ளலாம். ஒவ்வொன்றின் சூடும் வேறு. தம்பி கயிற்றில் கட்டிய வெப்பமானியை ஒவ்வொரு கிணற்றிலும் இறக்கி, சூடு குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் ஏழு வாளி என்று வைத்திருக்கிறான். ஊற்றும்போது பேசுவதில்லை.

ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்கிற குடும்பத்தார் பலர் அங்கே வந்துதான் குளிப்பார்கள். அன்றைக்கும் ஒரு குடும்பம் வந்திருந்தது. ஈரச்சேலையுடன் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். தம்பி வெள்ளை வேட்டியுடன் வாய்திறவாமல் கிணற்றுக்குக் கிணறு போவதையே பார்த்தாள்.

"எங்கட அம்மாவுக்கு இண்டைக்கு. அந்தியேட்டி உங்களுக்கு ஆருக்கு?"

தம்பிதான் வாளியை வைத்துவிட்டு மறுமொழி சொன்னான்.

"ஒருத்தருக்கும் இல்லை, தங்கச்சி. இவ என்ர அக்கா. போன வரியம் நெஞ்சு வருத்தம் வந்து போகப் பார்த்தவ. இவவைப் போகவிடாமல் இருக்கத்தான் நான் இதெல்லாம் செய்து பாக்கிறன்."

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் அடுத்த கிணற்றுக்குள் வெப்பமானியை இறக்கிக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "நாங்கள் எங்கட அம்மாவைப் பிந்தித்தான் பார்த்தனாங்கள்," என்றாள். பிறகு, "நீங்கள் குனியாதேங்கோ, நெஞ்சுக்குக் கூடாது. இருங்கோ, நான் வாக்கிறன்," என்று வாளியை எடுத்தாள். முன்பின் தெரியாதவர் என் தலையில் தண்ணீர் ஊற்ற நான் விடுகிறவள் அல்ல. அன்றைக்குப் படியில் அமர்ந்து தலையைக் கொடுத்தேன். மிகச் சூடான கிணற்றை அவளே தவிர்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், அவன் அளவுகளை எழுதி வைத்த கொப்பியைக் கேட்டேன். தம்பி அலுமாரியைத் திறந்து எடுத்துத் தந்தான். ஒவ்வொரு நாளும் கோடு கீறி அளவுகள். அவனுடைய நிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல், மேலே "அக்கா" என்று எழுதி, கீழே எல்லாக் கட்டமும் வெறுமையாக. முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: "ஆறு ஊசி எனக்கு. தீங்கு இல்லையென்றால் ஏழாவது அக்காவுக்கு."

"இதுக்குத்தான் கூப்பிட்டனியோ?"

"ஓம். முதல் என்னில பார்த்துப்போட்டுத்தானே உங்களுக்குப் போடலாம்."

"என்னைக் கேட்டனியோ?"

"கேட்டால் மாட்டன் எண்டு சொல்லுவியள்."

"அது தெரிஞ்சும்?"

அவன் யன்னல் பக்கம் பார்த்தான். அங்கிருந்து துறைமுகத்தில் மூதூருக்குப் போகிற படகு தெரியும். "அண்ணன் அறுபதில போனார். சின்னக்கா அறுபத்திரண்டில. நீங்களும் போனால், நான் சின்னனில எப்பிடி இருந்தனான் எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை, அக்கா."

போன வருடம் நான் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தபோது இவன் வந்து கட்டிலருகே இருந்தான். ஒன்றும் கதைக்கவில்லை. தொழிலை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அப்போது எண்ணினேன். அதற்காக இங்கே வெட்கப்படுகிறேன்.

ஆனால் கொப்பியை மூடவில்லை. பள்ளியில் நம் கன்னியாஸ்திரிகள், கணக்கில் விடை சரியென்றாலும் செய்த வழியைக் காட்டாவிட்டால் புள்ளி கொடுக்க மாட்டார்கள். தோலைக் கிள்ளும் அளவைப் பார்த்தேன். முதல் கிழமை ஆறு செக்கன். பிறகு ஐந்து, நான்கு. கடைசியில் மூன்று. இது உண்மையென்றால் அவன் தோல் இருபது வயதுக்காரனுடையதாக மாறியிருக்கவேண்டும்.

"இப்ப செய்து காட்டு," என்றேன்.

புறங்கையைக் கிள்ளி விட்டான். "ஒண்டு... ரெண்டு... மூண்டு." தோல் படிந்தது. நான் என் கணவரின் கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தேன். அதில் செக்கன் முள் இருக்கிறது. ஆறரை செக்கன்.

"எண்ணுறதும் நீ, எண்ணப்படுறதும் நீ. பிறகு எப்பிடிக் குறையாமல் இருக்கும்? ஊசி ஏற ஏற நீ மெதுவாக, ஆறுதலாக எண்ணியிருக்கிறாய்."

கடிகாரத்தைக் கழற்றி வாங்கினான். வலது கையில் மூன்று தரம், இடது கையில் மூன்று தரம் பார்த்தான். ஒரு தரமும் ஆறுக்குக் குறையவில்லை. பிறகு அடிமட்டத்தை எடுத்து, பன்னிரண்டு கிழமை நிரலையும் தானே நேராகக் கோடு கீறி வெட்டினான்.

"வேணுமெண்டு செய்யேல்லை, அக்கா."

"தெரியும். எனக்காகத்தானே எண்ணினனி."

இங்கே கதை முடிந்ததென்று நினைத்தேன். முடியவில்லை. அன்று பின்னேரம் அவன் சொன்னான், அளந்தது பிழையென்றால் ஊசி பிழையென்று ஆகாது. இதைப் போட்டுக்கொண்ட வேறு பத்துப் பேர் என்ன ஆனார்கள் என்று எழுத்தில் பார்த்தால்தான் தெரியும். சரியாகத்தான் சொன்னான். ஆகவே ஒரு உடன்பாடு செய்தோம். அந்தப் பத்துப் பேரை நான் தேடுவேன். நவம்பர் கடைசியில் அடுத்த மருந்துடன் கப்பல் வரும் வரை அவனுக்கும் ஊசி இல்லை, எனக்கும் இல்லை. மறுநாள் நகர ஆஸ்பத்திரிக்குப் போய் வீக்கத்தைக் காட்டவேண்டும். நான் தினமும் காலையில் அரை மணி நேரம் நடந்து, கிழமைக்கொரு கடிதம் அவனுக்கு எழுதவேண்டும்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் வீக்கத்தைக் கீறி, சீழை எடுத்துக் கட்டினார்கள். காலை எட்டுக்குப் போய்ப் பத்தரைக்குத் திரும்பினோம். இன்னும் சில நாள் உள்ளே இருந்திருந்தால் இரத்தத்தில் கலந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். தம்பி அதையும் கொப்பியில் எழுதினான்.

ஐந்தாம் நாள் பின்னேரம் சல்லிக்குப் போனோம். நகரின் வடக்கே கடலோரக் கிராமம். முத்துமாரியம்மனைக் கும்பிட்டு வெளியே வந்தால் மணலெல்லாம் மீன் காயப்போட்டிருப்பார்கள். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தாதீர்கள், அவர்கள் பிழைப்பு அது. தம்பி கருவாடு ஒரு இறாத்தல் வாங்கினான். இரவுச் சாப்பாட்டில் நான் கேட்காமலே, கருவாட்டுக் குழம்பு விட்டு ஒரு பிடி சோறு சாப்பிட்டான். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான். மூன்று மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் உப்பு. சனிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் நான் திரும்பினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சித்திரையில் கடல் அமைதியாக இருக்கும், ஒக்டோபருக்குப் பிறகு போகவேண்டாம். கன்னியாவுக்கு விடியமுன் போங்கள், ஏழு மணிக்குப் பிறகு நெரிசல். நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் சூடு குறைந்த கிணறுகளோடு நிறுத்துங்கள். அந்தியேட்டிக் குடும்பங்கள் குளிக்கும்போது சத்தமாகச் சிரிக்காதீர்கள், அவர்களுக்கு முதலில் வழி விடுங்கள். இரண்டு பேர் ஐந்து நாள் தங்கி, போய்வர, அறுபது ரூபாவுக்குள் முடிக்கலாம். பாலையூற்றுப் பக்கம் அறைகள் மலிவு.

இனி என் கேள்வி. உங்கள் கணவன்மார், சகோதரர், மைத்துனர் எனக் கொழும்பிலும் மலாயாவிலும் இலண்டனிலும் வசதியாக இருப்பவர்கள் பலர். அவர்களில் யாராவது இந்த உயிரணு ஊசியையோ, இளமைக்கென்று விற்கும் வேறெந்த ஊசியையோ போட்டிருந்தால் எனக்குச் சொல்லவேண்டும். எத்தனை வயதில், எத்தனை ஊசி, பிறகு காய்ச்சலோ வீக்கமோ வந்ததா, இப்போது எப்படி இருக்கிறார்கள், அல்லது இல்லையா. நன்மை நடந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். ஒருபக்கக் கணக்கை என் தம்பி ஏற்கமாட்டான், நானும் ஏற்கமாட்டேன். பெயர் போடவேண்டியதில்லை. கோயிலிலோ கலியாண வீட்டிலோ கண்டு வாயால் சொல்வது எனக்கு உதவாது. நவம்பர் பதினைந்தாம் திகதிக்கு முன், சங்கச் செயலாளர் மூலம், கடிதமாக எழுதி அனுப்புங்கள்.