உப்புப் பார்த்தே ஏறிய எடை

கேன்டீன் அக்காவிடம் போய் "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "எங்க சாப்பிடறது? அடுப்புகிட்ட நிக்கிறவளுக்குப் பசி எங்க எடுக்குது? காலையில ஒரு டீ, அவ்வளவுதான்" என்று பிடித்துக்கொள்வாள். தொண்ணூற்று நாலு கிலோ உடம்பை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அக்கா பொய் பேசுகிறவள் இல்லை. தான் சாப்பிடுவதே இல்லை என்று சத்தியமாக நம்பினாள்.

நானூறு பேர் வேலை பார்க்கும் தொழிற்சாலை அது. மதியச் சாப்பாடு மொத்தமும் அக்கா கையால்தான். பத்தொன்பது வருஷமாக அந்த நாலு அடுப்புக்கும் அவள்தான் ராணி. பின்னால் குழாயடியில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு 'பளபளா' என்று பெயர் வைத்ததும் அக்காதான். அவள் தேய்த்த அண்டாவில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். ஆள் ஒல்லிக்குச்சி. வாய் மட்டும் நாலு ஆளுக்கு இருக்கும்.

அக்காவுக்கு ஒரே தம்பி. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டதால் சொட்டு மூத்திரம் பிரியாமல், இரண்டு வருஷமாக வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யும் ஆஸ்பத்திரி மெஷினோடு அவனைக் கட்டிப்போட்டிருந்தார்கள். அவன் பெண்டாட்டி தன் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்று முன்வந்தாள், ரத்தம் சேரவில்லை. அக்காவுடையது எல்லாம் சேர்ந்தது. அக்காவுக்குக் கால் தரையில் படவில்லை. டாக்டரம்மாதான் எடைக் கருவியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த எடையோட உங்க உடம்புல கத்தி வைக்க எனக்கு மனசு வரல. எடுத்த பிறகு மிச்சம் இருக்கிற ஒண்ணு உங்களைக் காலம் பூரா தாங்கணும்ல? எண்பத்திரண்டுக்கு வாங்க. ஆறு மாசம் தர்றேன். அதுக்கு மேல தம்பியோட இதயம் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா பட்டினி மட்டும் கிடக்காதீங்க."

கடைசி வார்த்தையை அக்கா காதில் வாங்கினால்தானே! தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, அக்காவுக்கு அன்றைக்கே உடம்பெல்லாம் பதறிவிட்டது. காலை டீயை விட்டாள். ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். ஒரு மாதம் வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடந்துவிட்டு, காய் மூட்டை நிறுக்கும் தராசில் போய் ஏறினாள். தொண்ணூற்று நாலரை.

வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள் பாருங்கள், அப்படி ஓர் அழுகை. "தண்ணி குடிச்சாலே சதை போடுற உடம்புடி இது. என் தம்பியை நானே கொல்லப் போறேன்."

பளபளா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, ஒண்ணு சொன்னா அடிக்க வரக் கூடாது. நீ பட்டினியா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே. நாளைக்கு நீ ஒரு கரண்டி வாயில போட்டா, அதே அளவு நான் ஒரு பாத்திரத்துல போடறேன். சாயங்காலம் பேசிக்கலாம்."

"போடு, போடு. என்ன வந்துடப் போகுது? உப்புப் பாக்கிறதுதானே?"

மறுநாள் பளபளா ஒரு காலிப் பாத்திரத்தோடு அக்கா முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். சூப்புக்கு உப்பு பார்த்தாள் அக்கா. ஒரு கரண்டி விழுந்தது. புளிப்பு போதுமா என்று மறுபடி பார்த்தாள், இன்னொரு கரண்டி. கிழங்கு மொறுமொறுப்பாக வந்ததா என்று நாலு துண்டு. கறி வெந்ததா என்று ஒரு துண்டு. பக்கத்துத் துண்டும் வெந்ததா என்று இன்னொன்று. கேக்கின் கருகின ஓரத்தை வீணாக்கலாமா? அண்டா அடியில் பிடித்ததைத்தான் யாருக்குப் பரிமாற முடியும்? தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா! அக்காவின் வாய் தன் பாட்டுக்கு அசைந்துகொண்டே இருந்தது, மனதுக்குத் தெரியவேயில்லை.

மூன்று மணிக்கு பளபளா பாத்திரத்தைத் தராசில் வைத்தாள். ஒன்றே முக்கால் கிலோ. சூப்பும் கறியும் எண்ணெயில் வறுத்த கிழங்கும் கேக்கும் ஒன்றாகக் கலந்து, பார்க்கவே குமட்டியது.

"இவ்வளவும் நானா?"

"இல்ல, பூனை வந்து தின்னுச்சு."

அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று நாள் பளபளாவின் முகத்தையே பார்க்கவில்லை. நாலாவது நாள் தம்பியைப் பார்க்கப் போனாள். மெஷினிலிருந்து வந்து துணிபோல் கிடந்தவன், "வா அக்கா" என்று சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அங்கிருந்து நேராக பளபளா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். தன் உப்புக் கரண்டியை அவள் கையில் திணித்தாள்.

"இனிமே நீதான் ருசி பாக்கிற. என் வாயை என்னால நம்ப முடியாது."

சமைக்கிறவளுக்கு இது சாதாரண விஷயமா? ருசி பார்க்காமல் நானூறு பேருக்கு வடிப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ் ஓட்டுவது மாதிரி. முதல் வாரம் மானம் கப்பலேறியது. "அக்கா, குழம்பு கடல்ல இருந்து நேரா வருதா?" என்று வெல்டர் கேட்டான். மறுநாள் உப்பே இல்லை. பளபளாவும் பாவம், "நல்லாத்தான் இருக்கு" என்பதைத் தவிர வேறு தெரியாதவள். மெல்ல மெல்லத்தான் "அரைக் கைப்பிடி போடு", "புளிப்பு தூக்கல்" என்று சொல்லப் பழகினாள். அக்காவும் வாசனையை வைத்தும் அளந்து போட்டும் சமைக்கக் கற்றுக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய மாற்றம், அக்கா உட்கார்ந்து சாப்பிட்டாள். பரிமாற ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு தட்டு. பாதித் தட்டு காய், ஒரு பங்கு பருப்போ முட்டையோ, ஒரு பங்கு சோறு. காலையிலும் விடாமல் ஏதாவது, ராத்திரி சீக்கிரமாகக் கொஞ்சம். வேலை முடிந்ததும் தம்பி வீட்டுக்கு பஸ் ஏறாமல் நாற்பது நிமிஷம் நடை.

"எனக்காக வாயைக் கட்டிக்கிட்டு ஏன்க்கா கஷ்டப்படற?" என்று தம்பி ஒருநாள் கண் கலங்கினான்.

"போடா. பத்தொன்பது வருஷமா சமைக்கிறேன், என் சாப்பாடு எப்படி இருக்கும்னு இப்பதான்டா தெரியுது. நல்லாத்தான் சமைக்கிறேன்!"

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நின்றுகொண்டே விழுங்கியதெல்லாம் ஒரு சாப்பாடா?

எடை இறங்கியது. தொண்ணூற்று ஒன்று, எண்பத்தெட்டு, எண்பத்தாறு. அங்கே வந்து கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துகொண்டது. மூன்று வாரம் அசையவில்லை. இருப்பதோ ஏழு வாரம். அந்த நேரம் பார்த்து மேனேஜருக்குப் பிரிவு விருந்து வந்தது. மனம் வெறுத்துப்போய் அக்கா மூன்று துண்டு கேக்கை மளமளவென்று தின்றாள். தின்றுவிட்டுத் திருடியைப் போல பளபளாவைப் பார்த்தாள். திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"தின்னது தின்னாச்சு. அதுக்காக ராத்திரி பட்டினி போடாதே. அடுத்த வேளை ஒழுங்கா சாப்பிடு. இன்னைக்கு நானும் கூட நடந்து வர்றேன்" என்றாள் அவள். பகல் முழுக்க அண்டா தேய்த்து இடுப்பு ஒடிந்தவள், அன்று மட்டுமல்ல, மிச்சமிருந்த ஏழு வாரமும் கூட நடந்தாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்வாளா என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

டாக்டரம்மா கொடுத்த நாளில் அக்கா தோட்டைக் கழற்றினாள், வாட்சைக் கழற்றினாள், தலையிலிருந்த கிளிப்பைக்கூட விடவில்லை. கருவியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எண்பத்தொன்று எழுநூறு" என்றார் டாக்டரம்மா. "கண்ணைத் திறங்க. தேதி குறிக்கலாம்."

பளபளாவும் விளையாட்டாக ஏறிப் பார்த்தாள். ஐந்து மாதம் ருசி பார்த்ததில் நாலு கிலோ கூடியிருந்தது. "உன் சதையை எனக்குத் தள்ளிவிட்டுட்ட பாரு" என்றாள். கன்னத்தில் சதை வைத்தபின் அவளும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தம்பியைத் தனி அறையில் வைத்து, யாரையும் பார்க்க விடவில்லை. ஆறாம் நாள் அக்கா கட்டிலில் சாய்ந்திருக்க, பளபளா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அக்கா!" தம்பியின் குரல் வேலை கிடைத்தவனைப் போலக் கூவியது. "காலையில குழாயை எடுத்துட்டாங்க. இப்ப நானே எழுந்து, நானே நடந்து போய், ஒண்ணுக்குப் போனேன்க்கா! ரெண்டு வருஷத்துக்கு அப்புறம்! எவ்வளவு நேரம் தெரியுமா? நிக்கவே இல்ல!"

அக்காவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. தையல் போட்ட இடம் வலித்தது. "நல்லா இருடா, நல்லா இரு" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இரு, பளபளா இங்கதான் இருக்கா. அவகிட்டயும் சொல்லு" என்றாள்.

"ஐயோ அக்கா, அவங்ககிட்ட போய் இதை எப்படிச் சொல்றது?"

"சொல்லுடா. என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு. அவ இல்லன்னா நீயும் இல்ல, நானும் இல்ல."

பளபளா போனை வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் தம்பி தயங்கித் தயங்கி, ஒன்று விடாமல், முதலிலிருந்து சொன்னான். நாலு ஆளுக்கு வாய் உள்ளவள், ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். உரித்த ஆரஞ்சு மடியில் அப்படியே கிடந்தது.

"ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றாள் கடைசியில். "நாளைக்கும் போயிட்டு எனக்கு போன் பண்ணுங்க."